கனகராஜ் வீட்டு நீல பாட்டில்

ஜூலை 13, ஞாயிறு

நாத்தனார் வளர்மதி வந்து போனாள். அவள் மகன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. செப்டம்பர் நாலு, வியாழக்கிழமை, பேரூரில் மண்டபம். தாய்மாமன் என்பதால் முதல் சேதி என் வீட்டுக்காரருக்குத்தான். மாப்பிள்ளை தலையில் உருமால் தலைப்பாகை கட்டிவிடும் மரியாதை இவருடையது. அதைக் கேட்டதும் இவர் மீசையை இரண்டு பக்கமும் தடவிவிட்டுக்கொண்டார். அந்த மீசையும் நெற்றியில் விழும் சுருட்டை முடியும்தான் கனகராஜ் என்கிற மனிதருடைய மொத்த ஆஸ்தி.

காபி குடித்து முடிக்கும் வரைக்கும் வளர்மதி நல்லவளாகத்தான் இருந்தாள். அப்புறம் அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த ஆரி ஒர்க் தையல் சட்டம் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏனுங்க அண்ணி, இதுவும் அவ்வளவுதானா? போன வருசம் காளான். அதுக்கு முந்தி சாக்லேட்டு. எதையாச்சும் ஒன்ன முழுசா முடிச்சிருக்கீங்களா?"

அவள் கேட்டது போகட்டும், அவள் வாய் அப்படி. ஆனால் இவரும் சேர்ந்து சிரித்தார். "விடு வளரு, இப்பத்தான் கொஞ்ச நாளா வீடு வீடாட்ட இருக்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த பார்சல் அரிசி டிரம்முக்குள் இருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதற்குள் ஒரு சின்னச் சூளை இருக்கிறது. மூடி போட்ட வெள்ளை டப்பா, கையில் எடுத்தால் பஞ்சு கனம்கூட இல்லை. அதற்குள் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, சூளையைத் தூக்கி மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்தால் கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளுமாம். தொங்கல், கம்மல், மணி, எது வேண்டுமானாலும் செய்யலாமாம். வீடியோவில் ஒரு அம்மா செய்து காட்டினாள்.

சுலோச்சனா ஆகிய நான் இன்று எழுதி வைப்பது: கல்யாணத்தன்று என் கையால் செய்த கண்ணாடி மாலையும் கம்மலும் போட்டுக்கொண்டுதான் அந்த மண்டபத்தில் கால் வைப்பேன். அதுவரை யாரிடமும் மூச்சு விட மாட்டேன். முக்கியமாக இவரிடம்.

ஜூலை 15, செவ்வாய்

இவர் பம்பு செட் கம்பெனிக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு முதல் சூளை வைத்தேன். மைக்ரோவேவ், வளர்மதி புதுமனைக்குக் கொடுத்தது. இத்தனை காலம் அதில் சாம்பார் சூடு பண்ணியதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இனி அதில் சாம்பார் கிடையாது. கண்ணாடி உருகிய அடுப்பில் சாப்பாடு வைக்கக் கூடாதாம்.

கண்ணாடிக்கு அடியில் வைக்கிற காகிதம் கருகி வீடெல்லாம் ஒரு நாற்றம். ஊதுபத்தி ஏழெட்டு ஏற்றினேன். அதுவும் போதாமல் சாம்பிராணி போட்டேன். நாற்றத்தில் வாய் கசந்ததால் ஏலக்காய் ஒன்றை மென்றுகொண்டிருந்தேன்.

இவர் வந்ததும், "இன்னிக்கு என்ன விசேசம்?" என்றார்.

"செவ்வாக்கிழமைங்க" என்றேன்.

ஜூலை 16, புதன்

துணி துவைத்தேன். உளுந்து அரைத்தேன். நேற்று உருக்கியது கொழுக்கட்டை மாதிரி இருந்தது. அரிசி டிரம்முக்குள்ளேயே போட்டு வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வாங்கிய கண்ணாடி தீர்ந்துவிட்டது. வீடியோ அம்மா பாட்டிலை உடைத்துக்கூடச் செய்கிறாள். பழைய பேப்பர் கடையில் போய்க் கேட்டேன். பச்சை வேண்டுமா, பழுப்பு வேண்டுமா, எத்தனை வேண்டும் என்றார்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு சாக்கு நிறையக் கட்டித் தந்தார்கள். எல்லாம் குடிகாரன்கள் தூக்கிப் போட்டது.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சாக்கு கலகலவென்று சத்தம் போட்டது. எதிர்வீட்டு ராஜாமணி அக்கா கோலமாவை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன சுலோச்சனா, பாத்திரமா?"

"ஆமாங்கக்கா. ஊறுகாய் ஜாடி."

சாக்கைப் பரண் மேல் ஏற்றினேன். ஊறவைத்து லேபிளைச் சுரண்டுவது, பழைய துண்டில் சுற்றிச் சுத்தியலால் தட்டுவது, முனை மழுங்க ஈரக்கல்லில் தேய்ப்பது, இதெல்லாம் காலையிலேயே ஆரம்பித்தால்தான் ஆகும். இரண்டு விரலில் பிளாஸ்திரி. கண் இரண்டும் செக்கச்சிவந்து கிடக்கிறது. மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். இவர் வந்து மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

இன்றைக்குப் பாடம் படித்தேன். வெள்ளிக்கிழமை செய்த தொங்கல், பச்சை பாட்டில் மேல் பழுப்பு பாட்டில் துண்டு வைத்தது, சூளையை விட்டு வரும்போது மகாராணி மாதிரி வந்தது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இன்று பீரோவுக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவில் விரிசல். யாரும் தொடவில்லை, கீழே விழவில்லை, தானாக வெடித்திருக்கிறது.

ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் ஒவ்வொரு அளவுக்கு விரியுமாம், ஆறும்போது ஒவ்வொரு அளவுக்குச் சுருங்குமாம். இரண்டையும் ஒட்டினால் ஒட்டும். அப்புறம் ஒன்றையொன்று உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே இருந்து ஒரு நாள் பிளக்கும். ஒரே பாட்டிலின் துண்டுகள் என்றால் பயமில்லை. ஆகவே மாலை முழுக்க ஒரே பாட்டிலில்தான். பச்சை, பழுப்பு இரண்டும் கல்யாணப் பட்டுக்குச் சரிவராது. என் பட்டு மாம்பழ மஞ்சள். அதற்கு நீலம் வேண்டும். நல்ல நீலத்துக்கு எங்கே போவேன்? பேப்பர் கடையில் நீலம் வருவதே இல்லையாம்.

பரணில் சாக்கு இடம் மாறியிருக்கிறது. எலி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

காலையில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். இவரும் நானும் மட்டும். மகள் யாழினி ஓசூரிலிருந்து வரவில்லை, லீவு இல்லையாம்.

இவர் ஆற்றுக்குக் கிளம்பியதும் மெல்லிய கம்பி வேண்டி இவருடைய டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். இவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், செப்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. மேல் தட்டைத் தூக்கினேன். அடியில், பனியன் துணி சுற்றி, ஒரு பாட்டில்.

நீலம். நான் தேடிய அதே நீலம்.

முதலில் அந்த நிறத்தைத்தான் பார்த்தேன் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. யாரும் படிக்கப் போவதுமில்லை. முதலில் நிறத்தைத்தான் பார்த்தேன்.

மூடி திறக்கவில்லை. சீல் அப்படியே இருக்கிறது. துணியில் பழைய கிரீஸ். இவர் குடியை விட்டு ஆறு வருஷம். மருதமலையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர். அன்றைக்கு நானும் ஒரு கொத்து முடி வெட்டிப் பூமுடி கொடுத்தேன்.

பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்வார். எனக்குப் பதில் வேண்டாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு நீலம் தேவை. இவருக்கு அது தேவையில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே இருந்ததைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பதினோரு வருஷம் இந்த வாடையோடு குடும்பம் நடத்தியவள் நான். பாட்டிலைக் கழுவி, துண்டில் சுற்றி, சுத்தியலால் ஒரே போடு. கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன், பாதி தூளாகப் போயிற்று. தூளும் உதவும், மணிக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவர் வந்ததும் துண்டு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சு விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் வார்னிஷ் வாடை.

ஆகஸ்ட் 9, சனி

இவர் நடவடிக்கை சரியில்லை. நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மத்தியானம் வந்ததே கிடையாது. நான் சூளையை அப்போதுதான் மூடியிருந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"உள்ள என்ன பண்றே?"

"சமையக்கட்டுல என்னங்க பண்ணுவாங்க?"

முகத்துக்கு நேரே குனிந்து, "சாப்டியா?" என்றார். என்ன பாசம். மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஜலதோஷம் போல.

இன்று டூல்ஸ் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே பரப்பிவிட்டார். திரும்ப அடுக்கினார். திரும்பப் பரப்பினார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒன்னுமில்ல. ஸ்பேனர்."

ஸ்பேனர் கையிலேயே இருந்தது. முகம் செத்துப்போயிருந்தது. ஆறு வருஷம் தொடாமல் இருந்த மனுஷனுக்கு இப்போது அது வேண்டியிருக்கிறது, அதுதான் தேடுகிறார். இதற்கு மேல் இன்றைக்கு எழுத வேண்டாம்.

கறிவேப்பிலைச் செடி ஏனோ வாடுகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

யாழினி போன் செய்தாள். "அம்மா, நீ நல்லாத்தானே இருக்கே?" என்றாள். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். "மனசு சரியில்லைன்னா என்கிட்ட சொல்லும்மா, வேற எதுலயும் போய் எறங்காதே" என்றாள். இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது?

நீலத் தொங்கல் மூன்று தேறிவிட்டது. அழகோ அழகு. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் எப்படி இருக்கும் என்று சபலம் தட்டி, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒன்றின் மேல் வைத்தேன். புத்தி கெட்டவள். சாயங்காலமே டிக்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். கடையெல்லாம் மூடல். இவருக்கும் லீவு. காலையிலிருந்து என் எதிரிலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஏதாச்சும் நடுங்குதா?"

"எதுக்குங்க நடுங்கோணும்?"

"இல்ல, சும்மா. வேர்க்குதா?"

"ஆடி முடியப் போகுது, இன்னும் இந்த வெயில் அடிக்குது, வேர்க்காம?"

சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். அரை மணிக்கு ஒரு சொம்பு. நாள் முழுக்க ஒரு சூளைகூட வைக்க முடியவில்லை. இன்னும் எவ்வளவு வேலை கிடக்கிறது!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஐயோ, சிரித்துச் சிரித்து இடுப்பு வலிக்கிறது. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆரோக்கியசாமி அண்ணனும் அவர் மனைவி லில்லியும் வந்தார்கள். இவரும் அண்ணனும் ஒன்றாகக் குடித்து ஒன்றாக விட்டவர்கள். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் சனிக்கிழமை தோறும் சர்ச் மண்டபத்தில் நடக்கும், அதற்கும் ஒன்றாகத்தான் போவார்கள். வந்தவர்கள் காபி வேண்டாம் என்றார்கள். லில்லி என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல எதையும் வெச்சுக்காதீங்கக்கா."

"ஒத்துக்கிட்டாப் பாதி வேல முடிஞ்சுதுங்க, தங்கச்சி" என்றார் அண்ணன். "நானெல்லாம் ஒத்துக்கவே ஒம்போது வருசம் ஆச்சு."

"எதைங்கண்ணா ஒத்துக்கோணும்?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அண்ணன் குரலை இறக்கினார். "பரண் மேல இருக்கற சாக்கக் கனகராஜ் பாத்துட்டானுங்க. அத்தனையும் காலி பாட்டிலு. நீங்க குடிக்கறீங்கன்னு என்கிட்ட வந்து அழுவறானுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஊதுபத்தி. ஏலக்காய். சாத்திய கதவு. மத்தியானத் தூக்கம். சிவந்த கண். விரலில் காயம். ஒற்றையில் சிரிப்பு. அடக் கடவுளே, இவர் பதினோரு வருஷம் செய்த அத்தனை திருட்டு வேலையையும் நான் ஒரு மாசத்தில் செய்து முடித்திருக்கிறேன்!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். தோள் குலுங்கியது. லில்லி என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுருங்கக்கா, நல்லா அழுதுருங்க" என்று அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அவர்கள் போன பிறகு சொல்லியிருக்கலாம். சமையலறைக்குக் கூட்டிப் போய்ச் சூளையைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது அந்த நீல பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டிக்கு அடியில் பனியன் துணி சுற்றி ஒளித்து வைத்தவர் யார்? வாசலில் நின்று இவர் வாயை நான் எத்தனை சாயங்காலம் மோந்து பார்த்திருப்பேன்? இவர் கொஞ்ச நாள் மோந்து பார்க்கட்டுமே. குடி முழுகிப் போகாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாயில் இரண்டு ஏலக்காய் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் வரவேற்றேன். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆகஸ்ட் 20, புதன்

ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "கால் மரத்துப்போச்சுங்க" என்றேன். உண்மையிலேயே லேசாக மரத்துத்தான் இருந்தது.

இவர் பாத்திரம் தேய்த்தார். நான் கேட்கவில்லை, அவராகவே. நேற்று மல்லிகைப்பூ வாங்கி வந்தார். முந்தா நாள் தோசை சுட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷம் குடிக்காமல் இருந்தது என்னுடைய முட்டாள்தனம்.

நீல மணி ஒன்பது ஆயிற்று. கம்மலுக்கு ஜோடி சேரவில்லை, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் குடிச்சுட்டு வந்தப்ப உனக்கு எப்படிப் புள்ள இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை இவர் இதுவரை கேட்டதில்லை. விட்ட பிறகும் கேட்டதில்லை. நான் ஒரு போர்வையை மூன்று முறை மடித்தேன்.

"கேட் சத்தம் கேட்டா அடுப்ப அணைச்சுட்டு வாசலயே பாத்துட்டு இருப்பேன். எப்படி வர்றீங்களோன்னு."

"எனக்கும் இப்ப அப்படித்தான் இருக்குது. கம்பெனியில கை ஓடறதில்ல. நான் பண்ணினதுதானே உன்ன இதுல கொண்டாந்து விட்டிருக்குது."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் இரண்டு மணியும் ஒரு கம்மலும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கோத்துவிடுவேன். முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்தானே இவர் சிரித்த சிரிப்புக்குப் பதில். இன்னும் நாலைந்து நாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலை கோத்தாயிற்று. கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன். மாம்பழ மஞ்சளில் அந்த நீலம், எனக்கே நம்ப முடியவில்லை. முழுசாக முடித்துவிட்டேன். வளர்மதி, கேட்டுக்கொள்!

இவருக்காகக் கழுத்தில் போட்டபடியே காத்திருந்தேன். நாலரைக்கு வருகிறவர் ஐந்தரைக்கும் வரவில்லை. போன் அணைத்து வைத்திருக்கிறது. கம்பெனியில் கேட்டால் இன்றைக்கு லீவு சொல்லிவிட்டாராம். காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டுதானே போனார்?

ராஜாமணி அக்கா வந்தாள். "சொல்றதா வேண்டாமான்னு தெரியல சுலோச்சனா. உங்க வீட்டுக்காரர டாஸ்மாக் வாசல்ல பாத்தேன். உள்ள போனாரு."

பயந்துவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஆறு வருஷம் கட்டிக் காத்த மனுஷனை ஏலக்காயும் சுவரும் வைத்து நானே கடைக்குள் அனுப்பிவிட்டேன். என் விளையாட்டில் இடி விழ. முருகா, இந்த ஒரு தடவை அவரை நல்லபடியாகக் கொண்டு வந்து விடு, இனி வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கேட் சத்தம் கேட்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று கேட்டைத் திறந்து வந்தது யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு மொட்டைத் தலை. சந்தனம் பூசிப் பளபளவென்று இருந்தது. மீசையும் இல்லை. யாரோ நன்கொடை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று, "சில்லறை இல்லீங்க, அக்கட்டால போங்க" என்றேன்.

"நாந்தான் புள்ள" என்றது அது.

ஓடிப்போய் வாயை மோந்தேன். பஞ்சாமிர்தம். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மருதமலைக்குப் போயிட்டு வந்தேன். நீ விட்டுரோணும்னு முடி குடுக்கறதா வேண்டியிருந்தேன். காரியம் ஆனப்பொறவு குடுத்தாப் போதும்னாங்க. எனக்குப் பொறுக்கல. முன்னாடியே குடுத்துட்டேன்."

"டாஸ்மாக்குக்கு எதுக்குப் போனீங்க?"

தலையைத் தடவிக்கொண்டார். அங்கே தடவ ஒன்றுமில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். போன வருஷம் கோனியம்மன் கோவில் தேர்த் திருவிழாவில் நானும் யாழினியும் எடுத்தது. யாழினியை மடித்து மறைத்திருந்தார்.

"இதக் காட்டி, இந்தம்மா வந்தா குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"எந்தக் கடையில?"

"வடவள்ளியில. அப்பறம் வீரகேரளத்துல. வர்ற வழியில இன்னொன்னுலயும்."

மூன்று டாஸ்மாக்கில் என் முகம் தெரியும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கிலும் வந்தது. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மைக்ரோவேவைத் திறந்தேன். சூளையைக் காட்டினேன். சுத்தியலைக் காட்டினேன். கொழுக்கட்டைத் தொங்கலைக் காட்டினேன், டிக் என்று வெடித்ததைக் காட்டினேன். ஏலக்காய், சுவர், கால் மரத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் என் கழுத்தைக் காட்டினேன். அதுவரை இவர் அதைப் பார்க்கவே இல்லை.

பார்த்தார். பக்கத்தில் வந்து ஒரு மணியை விரலால் தூக்கிப் பார்த்தார். அந்த நிறம் இவருக்குத் தெரியாமலா?

"அதுல இருந்தது?"

"கறிவேப்பிலைக்கு ஊத்தினேன்."

"செடி?"

"பட்டுப்போச்சு."

நான் கேட்டேன். இருபத்தாறு நாளாக வேண்டாம் என்றிருந்த கேள்வியைக் கேட்டேன். "எதுக்குங்க வெச்சிருந்தீங்க?"

"விட்ட அன்னிக்கு வாங்கினது. தூக்கிப் போட்டா மறுபடி போயி வாங்கிருவனோன்னு பயம். அதனால வெச்சிருந்தேன். சனிக்கெழம சனிக்கெழம கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தி பொட்டியத் தொறந்து பாப்பேன். சீல் அப்படியே இருக்கும். சரி, இந்த வாரமும் நான் தொடலைன்னு தெரிஞ்சுக்குவேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குக் காணோம்னதும் நாந்தான் தெரியாம எடுத்துக் குடிச்சுட்டனோன்னு கூட ஒரு நிமிசம் பயந்துட்டேன். பொறவு சாக்க நெனச்சேன். நீன்னு முடிவு பண்ணிட்டேன்."

"நான் எடுக்காம இருந்திருக்கோணும்."

"இல்ல புள்ள. இனிமே பொட்டியத் தொறக்க வேண்டியதில்லயே. உன் கழுத்தப் பாத்தாப் போதும்."

அவர் மொட்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். சந்தனம் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. தாய்மாமன் மொட்டை.

செப்டம்பர் 4, வியாழன்

வளர்மதி போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். "நல்ல காரியத்துக்கு வர்ற மொகரையாண்ணா இது? ஒரு வாரம் பொறுத்து முருகன் கேக்க மாட்டாரா?"

இவர் ஒரு யோசனை செய்து வைத்திருந்தார். தனக்கும் ஒரு உருமால் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கும் உருமால், மாமனுக்கும் உருமால். வீடியோக்காரன் இரண்டு தடவை இவர் மேல் அட்சதை விழுகிற மாதிரி எடுத்துவிட்டான். பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் இவருக்கு மாப்பிள்ளைக் கும்பிடு போட்டார். இவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் வளர்மதி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எந்தக் கடைங்க? என்ன கல்லுங்க இது?"

"நாஞ் செஞ்சது வளரு. கண்ணாடி. நீ குடுத்த மைக்ரோவேவுலதான்."

நம்பவில்லை. இவரைப் பார்த்தாள். இவர் இலையிலிருந்து தலை நிமிராமல், "முழுசா முடிச்சுட்டா வளரு" என்றார். உருமால் நழுவி ரசத்தில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்கும் ஒரு ஜோடிக் கம்மல் வேண்டுமாம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தலையில் முடி முள்முள்ளாக வந்திருக்கிறது. புதுக் கறிவேப்பிலைக் கன்று வைத்தாயிற்று.

இப்போது பாட்டில் கொண்டுவருவது இவர் வேலை. சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது பார் வாசலில் வண்டியை நிறுத்தி, காலி பாட்டிலாகப் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டு வருகிறார். நிறம் பார்த்து எடுக்கவும் கற்றுக்கொண்டார். ஒரே பாட்டிலில் ஒரு ஜோடி, கலக்கக் கூடாது என்று எனக்கே பாடம் சொல்கிறார். அங்கே உள்ளவர்கள், "அந்தம்மாவுக்குங்களா?" என்று என்னை விசாரிக்கிறார்களாம்.

ராஜாமணி அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டு வளர்மதிக்குப் போன் போட்டிருக்கிறாள். வளர்மதி காலையில் எனக்குப் போட்டாள். "அண்ணி, அண்ணன் மறுபடி ஆரம்பிச்சுட்டாராமா? தினமும் கடை வாசல்லயே நிக்கறாராமா?"

விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார், துண்டை வாயில் திணித்துக்கொண்டு.

"நான் என்னத்த வளரு சொல்லட்டும்" என்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

சாயங்காலம் வருகிறாள், ஆரோக்கியசாமி அண்ணனையும் கூட்டிக்கொண்டு. வடைக்கு ஊறப்போட்டிருக்கிறேன். ஏலக்காய் டப்பா காலி என்று சொன்னேன். இவர் ஓடிப்போய் வாங்கி வந்து, இப்போதே இரண்டை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.